மாஸ்டர் செவப்பு வட்டம் போட்ட பக்கம்

வெள்ளிக்கெளம காலைல பத்து மணி இருக்குமுங்க. கரண்டு போயி, அயர்ன் டேபிள்ல சும்மா உக்காந்திருந்தேன். சூப்ரவைசர் வந்து, "கட்டிங் மாஸ்டர் ஞானமுத்து தவறிட்டாருங்க, நெஞ்சு வலியாமா"ன்னார். நான் நம்புல. மாஸ்டர் சிங்கப்பூர் போறார்னு ஒருக்கா கம்பெனி பூராவும் பொரளி கெளப்பி, ஆளுக்காளு அவருகிட்ட செண்ட்டு பாட்டல் கேக்க வெச்சவன் நாந்தானுங்க. அதுக்குப் பழி வாங்கறாங்கன்னு நெனச்சு, "எடுக்கறது எத்தன மணிக்குங்க?"ன்னு நக்கலாக் கேட்டேன். "நாலு மணிக்கு"ன்னார். அவரு சிரிக்கல.

நெருப்பெரிச்சல் ஊரு வேதக்கோயில் சபைக்காரங்களே, மாஸ்டரப் பத்தி நெனவு நோட்டீசுல போட நாலு வரி கேட்டீங்க. நான் படிச்சது அஞ்சாப்பு. உங்க சாமியக் கும்பிடறவனுமில்ல. ஆனா பதனெட்டு வருசம் அவரு மேசைக்கு எதுத்த மேசைல நின்னவன். நாலு வரில அடங்காதுங்க. வர்ற ஞாயித்துக்கெளம செல்வி விசயமா கமிட்டி கூடறீங்க. அதுக்கு முன்னால இதப் படிச்சுப் போடோணும்.

மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைய விட நாலு வயசு எளையவரு, ஆனாலும் "வே, வே"ன்னுதான் கூப்புடுவார். துணி வெட்டறதுக்கு அட்டை வெச்சிருப்பமுங்க, கைக்கு ஒண்ணு, முன்பக்கத்துக்கு ஒண்ணு, பின்பக்கத்துக்கு ஒண்ணு. அட்டை தேஞ்சு போனா அது மேலயே வெச்சு இன்னொண்ணு வரஞ்சுக்குவாங்க. அத மட்டும் மாஸ்டர் கண்ணுல காட்டக் கூடாது. "காப்பி மேல காப்பி எடுக்காதீரும் வே. ஒவ்வொரு தடவையும் பென்சில் தடிமன் ஏறும். பத்தாவது அட்டையில மீடியம் லார்ஜாயிரும்"ம்பார். மொத அட்டைய பீரோவுல பூட்டி, சாவிய இடுப்புல சொருகியிருப்பார். "ஊட்டு நகையக் கூட இப்புடிப் பூட்டறதில்லியே மாஸ்டர்"னா, "நகை போனா வாங்கிக்கிடலாம் வே"ம்பார்.

செல்வி எங்க லைன்ல டெய்லர். புருசன் அடி தாங்காம வெளிய வந்து, இப்ப வேற ஒருத்தரு கூட இருக்குது. அதுக்குத் திருவிருந்து, அதான் சபைல குடுக்கற அப்பமும் ரசமும், குடுக்கக் கூடாதுன்னு ஆறு வருசத்துக்கு முன்னால நீங்க பேசுனப்ப, மாஸ்டர் எந்திரிச்சு வேதத்துல யோவான்ல இருந்து ஒரு கதையப் படிச்சாராமா. தப்புப் பண்ணிட்டான்னு ஒரு பொம்பளையக் கல்லால அடிக்க இழுத்தாந்தவங்களப் பாத்து, உங்கள்ல தப்பே பண்ணாதவன் மொதக் கல்லப் போடுங்கன்னு இயேசு சொன்ன கதை. அன்னைக்கே அந்தப் பேச்ச உட்டுப்போட்டீங்களாமா. அதுலருந்து செல்வி மொத வரிசைல உக்காந்து பாடுது.

போன மாசம் பெங்களூர்லருந்து ஒரு படிச்ச ஐயா வந்து மூணு நாள் வேத வகுப்பு எடுத்தாரில்லீங்களா. பிரியாணி உண்டுன்னு நானும் போயி மாஸ்டர் பக்கத்துல உக்காந்தேன். சாப்பாட்டு நேரத்துலயும் உடாம அந்த ஐயா சொன்னாரு: அச்சு வாரதுக்கு முன்னால வேதத்தக் கையில எழுதி எழுதித்தான் காப்பி எடுத்தாங்க. இன்னைக்குக் கெடச்சிருக்கற ரொம்பப் பழைய கிரேக்கக் காப்பிகள்ல இந்தக் கல்லெறியற கதை இல்ல. பிந்துன காப்பி சிலதுல அது லூக்காங்கற வேற புஸ்தகத்துல போயி உக்காந்திருக்குது. சிலதுல பக்கத்துல சந்தேகக் குறி மாதிரி அடையாளம் போட்டிருக்குது. பொறவு யாரோ சேத்ததுன்னு படிச்சவங்க முக்காவாசிப் பேரு சொல்றாங்க. திரும்பிப் பாத்தா மாஸ்டர் எலையில பிரியாணி அப்புடியே கெடந்துது.

அப்பவாவது நான் சும்மா இருந்திருக்கோணும். அடுத்த நாள் டீக்கடைல நாலு பேரு நிக்கறப்ப, "ஏனுங் மாஸ்டர், மொத அட்டையிலயே இல்லாத கைய வெட்டித்தான் செல்விக்குச் சட்டை தெச்சுப் போட்டீங்களாமா?"ன்னேன். எல்லாருஞ் சிரிச்சாங்க. எனக்குப் பின்னால டம்ளரோட நின்னது உங்க சபைச் செக்ரட்டரிங்க. ஷிப்மெண்டு இருந்ததுனால அவரு வகுப்புக்கு வரல. எங்கிட்டத்தான் அவரு விசயத்தக் கேட்டுக்கிட்டார். அந்த வாரமே, செல்வி விசயத்தத் திரும்ப எடுக்கறோம்னு போர்டுல எழுதிட்டீங்க.

அதுலருந்து மாஸ்டருக்குச் சோறு எறங்கல. டிபன் பாக்சத் தொறப்பார், மூடுவார். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னனுங் மாஸ்டர்"னேன். "பேச்சு சரியாத்தாம் வே இருக்கு. அதான் பயமா இருக்கு. ஊருக்குச் சொன்ன சட்டம் எனக்கே வந்து நிக்கி. இல்லாதத வாசிச்சு அந்தப் புள்ளயக் காப்பாத்திட்டேனோ?"

எஸ்டிடி பூத்துல போயி அந்த ஐயாவக் கூப்புட்டார். நான் வெளிய நின்னேன். மீட்டர் ஓடறதக்கூடப் பாக்காமப் பேசுனார். வந்து சொன்னார், "சண்டை இன்னும் தீரல வே. யோவான் எழுதலைன்னு சொல்லுதவங்கள்லயே பல பேரு, கதை ரொம்பப் பழசு, வாய்வழியா வந்துதான் பொறவு உள்ள ஏறிருக்கு, நடந்ததாவே இருக்கலாம்னு சொல்லுதாவ. பொம்பளையாளுக்குத் துணிச்சல் வந்துரும்னு பயந்து சில பேரு வெட்டி எடுத்துட்டாவன்னு அந்தக் காலத்துப் பெரியவர் ஒருத்தர் சொல்லிருக்காராம்."

"அப்ப மொத அட்டையப் பாத்தா முடிஞ்சு போச்சுங்களே?"

"மொத அட்டை ஒலகத்துல யாருகிட்டயும் இல்ல வே. எல்லாம் காப்பிதான்." அதச் சொல்றப்ப இடுப்புச் சாவியத் தடவிக்கிட்டே இருந்தார்.

எனக்கு அன்னைக்குத் தூக்கமில்ல. மக்கா நாளு விடிஞ்சதும் அவருக்கு ஒண்ண ஞாபகப்படுத்துனேன். ஒரு ஆர்டர்ல கையும் ஒடம்பும் சேர்ற எடத்துக்கு நாட்ச், அதான் சின்ன வெட்டு அடையாளம், மொத அட்டையிலயே இல்லாமப் போச்சு. தெச்ச சட்டையெல்லாம் கை முறுக்கிக்கிட்டு நின்னுது. செல்வி தானா ஒரு வெட்டுக் குடுத்துத் தெச்சுது, கை நேரா உக்காந்துது. மாஸ்டர் அத அட்டையில ஏத்தி, சுத்தி செவப்புப் பென்சில்ல வட்டம் போட்டார். வட்டம்னா பொறவு வந்தது, வெச்சுக்கோணும். பெருக்கல் குறின்னா தூக்கிப் போடோணும். "பொறவு வந்ததுன்னு மறைக்கவும் கூடாது வே, தூக்கி எறியவும் கூடாது"ன்னு அன்னைக்குச் சொன்னது அவருதானுங்க.

"மத்த பக்கத்துலயெல்லாம் உங்க இயேசு யாரு கூட உக்காந்து சாப்புட்டார்? ஊரு ஒதுக்குனவங்க கூடன்னு நீங்கதான சொல்லுவீங்க. அந்த ஒடம்புக்கு இந்தக் கை சேருதா, முறுக்குதா, சொல்லுங் மாஸ்டர்"னேன்.

"நீரு கேலி பண்ணலியே வே?"ன்னார் மாஸ்டர். இல்லீங்கன்னேன். கத்திரிய எடுத்துக்கிட்டு மேசைக்குப் போயிட்டார். மூணாம் நாளு போய்ச் சேந்துட்டார்.

என்ன முடிவு பண்ணுனார்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க. எடுத்து முடிச்சு எல்லாரும் கலஞ்ச பொறவு, மாஸ்டர் ஊட்டம்மா அவரு வேதத்தக் கொண்டாந்து குடுத்து, "கடைசி ராத்திரி இதத்தான் வச்சிட்டிருந்தாவ, பாருங்க"ன்னாங்க. எழுத்துக் கூட்டி யோவானக் கண்டுபுடிச்சு, ஒவ்வொரு பக்கமாத் தள்ளுனேன். பெருக்கல் இருந்துட்டா, என்ற நாக்குத்தான அதப் போட்டுது?

வட்டந்தானுங்க. அந்தக் கதைய மட்டும் சுத்தி, அட்டையில போடற மாதிரியே அழுத்தமா ஒரு செவப்பு வட்டம். வேதத்துக்குள்ளயே அந்தப் பென்சிலும் இருந்துது, சுண்டு வெரல் நீளம்.

வெளிய வந்தா செல்வி வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்குது. உள்ள வரல. "அய்யா, அந்தக் கதைய வேதத்துலருந்து எடுத்துருவாவளா?"ன்னு கேட்டுது. "தெரியில கண்ணு"ன்னேன்.

வேதம் ஊட்டம்மாகிட்ட இருக்குது. ஞாயித்துக்கெளம கமிட்டிக்கு முன்னால கேட்டு வாங்கிப் பாருங்க. நான் உள்ள வர மாட்டேன், செருப்பு உடற எடத்துல நிக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன், சத்தியமுங்க.

பென்சில ஊட்டம்மா எனக்குக் குடுத்துட்டாங்க. அவரு ஞாபகமா எங்கிட்ட இருக்கறது அதொண்ணுதான், சட்டப் பாக்கெட்டுல வெச்சிருக்கேன். வட்டத்து மேல பெருக்கல் போடோணும்னு உங்கள்ல யாருக்காச்சும் தோணுனா, எங்கிட்ட வந்து கேக்கோணும். நான் தர மாட்டனுங்க.