வெளிச்சம் பார்க்க நின்ற முகம்

யாங்கூனில் புகைப்படக்காரர்களுக்கு உதவியாளராகப் போகிறேன். நிரந்தர வேலை இல்லை; யார் அழைத்தாலும் போவேன். விளக்குகளைப் பொருத்துவேன். மாடல் வரும்வரை, வெளிச்சம் சரிபார்க்க அவர் இடத்தில் நானே நிற்பேன்.

போன மாதம் கோ தூரா என்ற புதிய புகைப்படக்காரர் நகரின் தாகேதா பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்கு வரச் சொன்னார். "மாடல் வர்ற வரைக்கும் நீ நில்லு, மா தேவி" என்றார்.

வழக்கமாக நாலைந்து படங்கள் போதும். இவர் நிறுத்தவே இல்லை. சட்டையை மாற்றச் சொன்னார். பிறகு டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டைக் கொடுத்தார்.

"ஆகோ, மாடல் எங்கே?" என்றேன்; பர்மிய மொழியில் ஆகோ என்றால் அண்ணன்.

"வந்துகிட்டே இருக்கா. நீ கொஞ்சம் சிரி."

அடுத்து ஒரு வெற்றுத் தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் அந்தத் தாள்மேல் பிறகு எந்தப் பெயரையும் எழுதி, டாக்டர் என்று என் முகத்தைக் காட்டி, இணையத்தில் யாரையும் ஏமாற்றலாமே!

"கார்டு நிறைஞ்சிருக்கும், மாத்தித் தர்றேன்" என்று கேமராவை வாங்கினேன். அது என் வேலைதான் என்பதால் கொடுத்துவிட்டார். திரும்பி நின்று எல்லாப் படங்களையும் அழித்தேன். அவருக்கு ஃபோன் வந்ததும் கேமராவை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

அன்று மாலையே அவருடைய எண் வேலை செய்யவில்லை. என் சந்தேகம் சரிதானா என்று இன்றுவரை தெரியாது.

இப்போதெல்லாம் வெளிச்சம் பார்க்க நிற்கும்போது, அதை அளக்கும் சாம்பல் நிற அட்டையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறேன். வெளிச்சம் மட்டும் வேண்டியவர்கள் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.