ஒட்டுப்பால் குடித்த ஜீப்பு

தோட்டத்தை விட்டு இறங்கிக் குலசேகரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். மழை விடாமல் பெய்ததில் ரப்பர் வெட்டு நின்றுபோயிருந்தது. வெட்டு நின்றால் என்னைப் போல் ரப்பர் பால் சுமக்கிறவனுக்குச் சோறும் நிற்கும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் ஆள் இல்லை. இரண்டு சட்டை, உடுக்க ஒரு சாரம், துவட்ட ஒரு தோர்த்து எல்லாம் பையில் கிடந்தன. அட்டை கடித்த இடம் அரித்தது. மற்றபடி சுகம்தான்.

ஒரு வளைவில் டீசல் ஜீப்பு ஒன்று நின்றது. நாலு வீலும் இழுக்கிற பழைய மலைவண்டி. திறந்த பானட்டுக்குள் தலையை விட்டபடி ஒருவர் நின்றார். வயது நாற்பது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. முன் சீட்டில் அவருடைய அக்கா, மடியில் ஒரு சீப்பு செவ்வாழையும் பேக்கரி டப்பாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, பஸ்ஸுல போவோம்னு அப்பமே சொன்னேன்லா," என்றார் அக்கா.

"பஸ்ஸுல போயி எறங்கினா பொண்ணு தருவாவளா? வண்டி இருக்குன்னுதானே வரச் சொல்லியிருக்காவ."

"வண்டி இருக்குன்னுதான் நாம சொன்னோம். ஓடும்னு யாரு சொன்னா?"

களியக்காவிளைப் பக்கம் பெண் பார்க்கப் போகிறார்கள். இதற்கு முன் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருக்கிறது. இந்த முறை தரகர், மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஜீப்பு உண்டு என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

"வண்டியைப் பாக்கணும்னு சொல்லிட்டாவ தம்பி," என்றார் மாப்பிள்ளை என்னிடம். "என்னைப் பாக்கணும்னு யாரும் சொல்லல."

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேறியவன். கடியப்பட்டணத்தில் கொஞ்ச காலம் மீன்பிடி வள்ளத்து எஞ்சின்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். டீசல் ஃபில்டர் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தேன். ஃபில்டர் புத்தம் புதிது. மேல் விளிம்பில் டீசல் கசிந்தது.

"யாருண்ணே மாத்தினது?"

"நான்தான். பொண்ணு பாக்கப் போறோம்லா. எல்லாம் புதுசா இருக்கட்டும்னு."

கழற்றினேன். புது ஃபில்டரில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் பழைய வளையமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பழசை எடுக்கலியா?"

"அதும் நல்லாத்தானே இருந்துது. ரெண்டு கிடந்தா பலம்லா."

"ரெண்டு பனியன் போடுறவன்தானே அவன்," என்றார் அக்கா. சட்டைக்குள் பார்த்தேன். உண்மைதான்.

வளையம் இரண்டானால் ஒன்றும் சரியாக உட்காராது. இடுக்கு வழியே காற்று ஏறும். காற்று ஏறினால் டீசல் எஞ்சின் படுத்துக்கொள்ளும். பழைய வளையத்தை நகத்தால் கிளப்பிப் போட்டேன். புது வளையத்தில் விரலால் டீசல் தடவி, ஃபில்டரைக் கையாலேயே முறுக்கினேன். காற்றை வெளியே விடுகிற திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்க அமுக்க நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. திருகை இறுக்கினேன். வண்டி பிடித்துக்கொண்டது.

"நீயும் ஏறு," என்றார் அக்கா. "இவன் வண்டியை நம்ப முடியாது."

அருமனை தாண்டியதும் மறுபடி நின்றது. ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையும் பழுப்புமாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். நீண்டது. விட்டேன். சுருங்கிக்கொண்டது.

"அண்ணே, டீசல் எதுல வாங்கி ஊத்தினிய?"

"வீட்டுல கேன் கிடந்துது."

"என்ன கேன்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா செவ்வாழையைப் பார்த்தார்.

"பால் கேன்," என்றார் மாப்பிள்ளை.

பசும்பால் இல்லை, ரப்பர் பால். எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளில் அந்தக் கேன் எல்லாவற்றுக்கும் ஆகும். தண்ணீர் பிடிப்பார்கள், மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றுவார்கள். டீசலுக்கு மட்டும் ஆகாது. கேன் சுவரில் உறைந்து கிடந்த ஒட்டுப்பால் டீசலில் ஊறி இளகி, டாங்குக்குள் போய்க் குடித்தனம் வைத்துவிட்டது.

"வண்டிக்குப் பாலு குடுத்து வளத்திருக்கான்," என்றார் அக்கா.

டாங்கை நம்பி இனி ஓட முடியாது. பக்கத்துக் கடையில் பெரிய கலர் சோடா பாட்டில்கள் இரண்டு வாங்கிக் காலி செய்தோம். ஒரு லாரிக்காரர் டீசல் கொடுத்தார், குழாயும் கொடுத்தார். ஃபில்டரை வழித்து மாட்டி, டாங்கிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாட்டிலிலிருந்து நேரே விட்டேன். பாட்டில் உயரத்தில் இருந்தால்தான் டீசல் இறங்கும். அதனால் நான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் முன்கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். பாதி திறந்த பானட்டை என் தோர்த்தால் கட்டியிருந்தது.

மழை தூறியது. அக்கா ஜன்னல் வழியே குடையை நீட்டினார். எனக்கென்று நினைத்தேன். குடை பாட்டிலுக்கு மேலே நின்றது.

"நீ நனைஞ்சா ஒணங்கிருவ," என்றார். "டீசல்ல தண்ணி விழப்பிடாதுல்லா."

மேல்புறத்தில் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"குளுக்கோஸ் ஏத்துறியளா?"

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்வது?

பெண் வீடு ஒரு மேட்டின் மேல். வண்டியைப் பார்க்க வேண்டுமே என்று வீட்டார் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"நாலு வீலும் இழுக்கும், பாருங்க," என்று தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டு, சகதியில் வண்டியை ஏற்றினார். வண்டி நிஜமாகவே இழுத்தது. நான் கம்பியில் தொங்கினேன். முற்றத்தில் ஏறி நின்ற இடத்தில் இரண்டாவது பாட்டிலும் தீர்ந்தது. எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நான் காலிப் பாட்டிலை அப்போதும் தூக்கிப் பிடித்தபடிதான் இருந்தேன்.

பெண் வீட்டுப் படி இறங்கி வந்தார். ரப்பர் கடையில் பால் எடை போடுகிற வேலை அவருக்கு. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேரே பானட்டுக்குள் குனிந்து, ஃபில்டர் பக்கத்தில் நான் வழித்துப் போட்டிருந்ததை இரண்டு விரலால் எடுத்து முகர்ந்தார்.

"ஒட்டுப்பாலு. கேன் யாருக்க கேன்?"

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினார்.

"டாங்கைக் கழத்திக் கழுவட்டும். பாட்டில் இல்லாம இந்த மேட்டுல ஏறட்டும். பெறவு நான் டீ கொண்டு வாரேன்."

"அப்ப இன்னிக்கு டீ இல்லியா பிள்ளே?" என்றார் அக்கா.

"உங்களுக்கு உண்டு அக்கா. பாட்டில் பிடிச்ச அண்ணனுக்கும் உண்டு."

நாங்கள் இருவரும் குடித்தோம். டீ நன்றாக இருந்தது. மாப்பிள்ளை பேக்கரி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் முகத்தில் வாட்டம் இல்லை. "பெறவு கொண்டு வாரேன்னுதானே சொன்னா," என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பெண் வீட்டார் நிரப்பித் தந்த பாட்டில்களோடு நான் திரும்பவும் மட்கார்டில்தான் வந்தேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக் கொல்லையில் எனக்கு வேலை கிடைத்தது. டாங்கை இறக்கிக் கவிழ்த்து, உள்ளே இருக்கிற ஒட்டுப்பாலை எடுக்க வேண்டும். சோறு அக்கா வீட்டில். மாப்பிள்ளை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "வருதா தம்பி?" என்று கேட்டார். கம்பியை வளைத்து டாங்கின் வாய்க்குள் விட்டு, ஒரு இழையை மாட்டி இழுத்தேன். இழையைப் பிடித்தபடி எழுந்து கொல்லை வேலிவரைக்கும் நடந்தேன். அது இன்னும் வந்துகொண்டிருந்தது.