ஒரு பிளாஸ்குக்கு எத்தனை வாய்?

புள்ளித்தாளை ஜன்னலில் ஒட்டிவிட்டு, நாலடி பின்னால் போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார் நெலிதா. "கண்ணு மங்கினாத்தான் கூட்டம் தெரியும்" என்பார். கணக்கு ஒருவருக்கு என்ன சொன்னது, அவருக்கு நிஜத்தில் என்ன ஆனது, அந்த வித்தியாசம்தான் ஆளுக்கொரு புள்ளி. கடுகு சிந்தினாற்போல் கிடந்தால் கணக்கு சரி. எங்கேயாவது குவிந்தால் போச்சு.

மொந்தெவிதேயோ நகரத்துப் புற்றுநோய் ஆய்வு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. எல்லோரும் முடிவைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவார்கள். இவர் அதைப் புரட்டக்கூட மாட்டார். "முடிவு கெடக்கட்டும். இந்தக் கணக்கு எதை நம்பிக்கிட்டு நிக்குது, அதச் சொல்லுங்க." பெரிய பெரிய டாக்டர்களே அவர் மேஜைப் பக்கம் வரத் தயங்குவார்கள். அவருக்கு வாய் அதிகம் என்கிறார்கள். அதிகம்தான், இருக்கட்டுமே.

இந்தத் தடவை மாட்டியவர் டாக்டர் வால்தெமார். பிளாஸ்க் வெந்நீரைக் குடுவையில் இலைமேல் ஊற்றிக் குழலால் உறிஞ்சும் மாத்தே பானத்தைச் சுடச்சுடக் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாயில் புற்று வருமா என்று ஆறு வருஷம் அலைந்து அறுநூறு பேரைக் கேட்டவர். தினம் ஒரு பிளாஸ்க் வரை பயமில்லை என்று முடிவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வானொலியில் நாட்டுக்கே சொல்லப்போகிறார். நெலிதாவின் கையெழுத்துதான் பாக்கி.

"தக்வாரெம்போ ஊரு இறைச்சிக்கூடத்து ஆளுங்க முப்பத்தெட்டு பேரும் தாள்ல ஒரே எடத்துல குவிஞ்சிருக்காங்க டாக்டரே. கணக்கு சொன்ன அளவுக்கு அவங்களுக்கு நோய் வரல."

"நல்லதுதானே? கெட்டியான உடம்பு."

"முப்பத்தெட்டு பேருக்குமா? ஆளாளுக்குத் தனியாக் குடிக்கறாங்கன்னு உங்க கணக்கு நம்புது. எனக்கு நம்பிக்கையில்ல."

அங்கேயே போனை எடுத்து, டாக்டர் காதிலும் விழட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவைத்து, இறைச்சிக்கூடத்து மேஸ்திரி எலாதியோவைக் கூப்பிட்டார். "ஒரு பிளாஸ்க்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு எத்தனை வாய்?"

"ஏழெட்டு பேரும்மா. ஒரே குடுவை, ஒரே குழல், சுத்தி வரும். தனியா வச்சு உறிஞ்ச நாங்க என்ன தொரையா?"

"அப்ப ஏன் ஆளுக்கு ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"எத்தனை பிளாஸ்க்னுதானே கேட்டாங்க. இருக்கறது ஒண்ணுதான்."

வால்தெமார் மெல்ல உட்கார்ந்தார். கேள்வியை எழுதியவர் அவர்தான். ஒரு டம்ளர் குடித்தவர்களுக்கு நோய் வராததை வைத்து, முழு பிளாஸ்க் குடிப்பவனுக்குப் பயமில்லை என்று சொல்லியிருக்கிறது கணக்கு. அவரும் தினம் ஒரு முழு பிளாஸ்க் ஆசாமி, தனியாகக் குடிப்பவர். முகம் வெளுத்துவிட்டது, பாவம்.

"நெலிதா, வெள்ளிக்கிழமைக்கு மூணே நாளு."

"வெள்ளிக்கிழமைக்கென்ன, வாராவாரம் வரும்."

"அறுநூறு பேரையும் மறுபடி கேக்கணுமா?"

நெலிதா பெயர்ப் பட்டியலை எடுத்தார், கட்டைவிரலால் பிரித்து இரண்டு கட்டாக்கினார், தடித்த கட்டை டாக்டர் பக்கம் தள்ளி அதன்மேல் போனை வைத்தார்.