மொட்டைத் தென்னைக்கும் ஒரு வேப்பிலைக் காப்பு

இன்று காலை எதிர் வீட்டு வளைகாப்பில்...

இருங்கள், பத்து நாள் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்!

எங்கள் மாடிக்கு நேர் எதிரே, பாண்டியம்மாள் அக்கா வீட்டு வாசலில் ஒரு பட்டுப்போன தென்னை. மட்டையெல்லாம் விழுந்து வெறும் கம்பமாக நிற்கும்.

அதில் ஒரு மரங்கொத்தி ஜோடி பொந்து குடைந்து குஞ்சு பொரித்திருந்தது. தங்க முதுகு, சிவப்புக் கொண்டை. திண்டுக்கல் டவுன் பஸ் ஹாரனுக்கு நடுவில்!

கேமராவோடு மாடிக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் இரண்டும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

சரி, நாமும் ஒளிவோம் என்று, கொடியில் காய்ந்த மனைவியின் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பறவைகள் ஏமாந்துவிட்டன. அக்கா ஏமாறவில்லை.

"ஏலே, யாருலே அது? சேலைக்குள்ள மீசை தெரியுது!"

"நான்தான்க்கா... மரங்கொத்திய போட்டோ எடுக்குறேன்."

"நல்லா எடுத்த போ! நான் அம்புட்டு பயந்துட்டேன்."

தினமும் ஆபீசுக்கு லேட். அம்மா பறவை போனால் அப்பா பறவை வரும், வாய் நிறைய எறும்போடு.

மூன்று நாள் முன்பு குஞ்சு தலையை வெளியே நீட்டியது. ஒரே ஒரு குஞ்சு. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்!

அன்று சாயங்காலமே மரம் அறுக்கும் மெஷினோடு ஒரு ஆள் அக்கா வாசலில் வந்து நின்றார்.

அப்படியே ஓடினேன். (சேலையைக் கழற்ற மறந்துவிட்டேன். தெருவே பார்த்தது.)

"அக்கா, வெட்டாதீங்க! குஞ்சு இருக்கு!"

"எம் மகளுக்கு இது ஏழாம் மாசம், வளையல் போடப் போறோம். வாசல்ல மொட்டை மரம் நின்னா ஆகுமாப்பு? வர்ற சனம் என்ன பேசும்?"

எனக்கு வாதாடத் தெரியாது. கேமராவை நீட்டினேன். படத்தில் பொந்துக்கு வெளியே குஞ்சின் திறந்த வாய், அதற்குள் அப்பாவின் அலகு.

அக்கா பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

மகள் செல்வி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏம்மா, நான் மாசமா இருக்கேன்னு வீட்டுல ஒரு கோழி அடிக்க விட்டியா? இத மட்டும் கலைக்கலாமா?"

அக்கா மெஷின்காரரிடம் திரும்பினார்.

"ஏப்பா, நீ ஒரு காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு. விசேஷம் முடியட்டும், போன் பண்றேன்."

அக்காவைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது!

இன்று வளைகாப்பு. பந்தலை மரத்தைவிட்டுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். தென்னைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, செல்விக்குக் கட்டிய மாதிரியே ஒரு வேப்பிலைக் காப்பும் கட்டியிருந்தார் அக்கா. இனி எந்த வாய் பேசும்?

போட்டோகிராபர் அடியேன்தான்.

செல்வி கையில் முதல் கண்ணாடி வளையல் ஏறுகிற நேரம், பொந்திலிருந்து ஒரு கீச். குஞ்சு பறந்துவிட்டது! பந்தலுக்குள் புகுந்து, எல்லார் தலைக்கும் மேலே தள்ளாடி, மறுபக்கம் வேப்பமரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

கடமை தவறாத நான் லென்ஸைச் செல்வி மேலேயே வைத்திருந்தேன். பத்து நாள் தவம் போச்சு!

ஆனால் கிடைத்த படத்தைப் பாருங்கள். பந்தலே வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்கிறது. செல்வி சிரிக்கிறாள். வளையல் பாதிக் கையில். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் இதுதான். (குஞ்சு எங்கே என்று கமெண்டில் கேட்காதீர்கள்!)

பந்தியில் இருக்கும்போது அக்காவுக்கு மெஷின்காரர் போன். கூடு காலி, இனி வெட்டிவிடுவார் என்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

அக்கா போனில் சொன்னார்:

"இப்ப என்னப்பா அவசரம்? செல்வி புள்ள பெறந்து வந்தா, மரங்கொத்திய வேடிக்கை காட்டிச் சோறூட்ட எனக்கு ஒரு மரம் வேணாமா?"