நாற்காலிக்குப் போன பலகை

எல்லப்பன் குடித்துவிட்டுப் படகேறவில்லை. அவன் குடித்திருந்ததாகச் சொன்னவன் நான். அவன் படகில் ஓட்டைப் பலகையை வைத்தவனும் நான்தான்!

முகம் சுளிக்கிறீர்களா, ஊராரே? நன்றாகச் சுளியுங்கள். பழவேற்காட்டில் இவனைப் போல் மரம் செதுக்க ஆளில்லை என்று இத்தனை வருடமாக என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்கள் நீங்கள்தானே...

கோட்டையிலிருந்த டச்சுத் துரைக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. சாய்மானத்தில் சிங்கம். அவருக்குச் சிங்கத்துக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மனிதர் வாயால் ஒரு பாராட்டு வாங்கப் பல்லிளித்துக்கொண்டு நின்றேன் நான். தூ!

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் பசியாவரம் குப்பத்து மீனவன் எல்லப்பன், தன் படகின் அடிப்பாகத்துக்கென்று ஒரு தேக்குப் பலகையைக் கொண்டுவந்து என் பட்டறையில் இறக்கினான். கணு ஒன்றுகூட இல்லாத பலகை. இறால் பிடிக்கிறவனுக்கு எதற்கு இத்தனை நல்ல மரம் என்று என் வயிறு எரிந்தது. அதைச் சிங்கமாக்கினேன். அவனுக்கோ, என்னிடம் கிடந்த பலகையில் கணு விழுந்த ஓட்டையை மரத்தூளும் குங்கிலியமும் குழைத்து அடைத்து, இழைத்து, எண்ணெய் தேய்த்துக் கொடுத்தேன். நாற்காலிக்கு நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். நாற்காலி தண்ணீரில் போவதில்லை... எனக்கு அது தெரியாதா? தெரியும்!

எல்லப்பன் பலகையைத் தடவிப் பார்த்தான். "இன்னா ண்ணா, கண்ணாடி மாதிரி கீது!" என்றான். முட்டாள் என்று மனதுக்குள் சிரித்தேன்.

முகத்துவாரத்து நீரோட்டத்தில் அடைப்பு பெயர்ந்திருக்கும். வேறென்ன? படகு கடலோடு போயிற்று. அவன் உடல் மட்டும் கரைக்கு வந்தது.

காற்றே இல்லாத நாளில் படகு எப்படிக் கவிழும் என்று நீங்கள் கூடிப் பேசினீர்கள். பேச்சு பலகைக்கு வருமுன் நான் முந்திக்கொண்டேன். "காலையிலயே தள்ளாடிக்கினு போனாம்ப்பா. என் கண்ணால பாத்தேன்." கள்ளைத் தொட்டறியாதவன் அவன்! ஒருவராவது மறுத்தீர்களா? கோட்டைக்கு வேலை செய்கிறவன் சொன்னால் போதும் உங்களுக்கு. இவ்வளவுதான் உங்கள் புத்தி... என் புத்தி அதைவிடக் கேடுகெட்டது.

சில நாள் கழித்து அவன் மனைவி அஞ்சலை, ஒரு கூடை நண்டோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"மத்தவங்க என் மூஞ்சிக்காக மறைச்சிருப்பாங்க. எனக்குத் தெரியாமலே குடிச்சிக்கினு இருந்திருக்கான். நீ ஒருத்தன்தான் ண்ணா நெசத்த சொன்னே. குடிச்சிட்டு செத்தவனுக்கு காரியம் ஒரு கேடா? நான் பண்ணப்போறதில்ல."

வாய் திறந்தேன். "சரிம்மா" என்றேன்.

அவள் போனதும் அந்த நண்டைக் குழம்பு வைத்தேன். இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.