ஐம்பதாவது புத்தகம்

போன ஜனவரியில் என் மகளின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒரு மரம், அதில் இருபத்தைந்து வெற்று இலைகள். ஒரு புத்தகம் முடித்தால் ஓர் இலைக்குப் பச்சை அடிக்க வேண்டும். மார்ச் முடியும்போது நாலு இலைதான் பச்சையாகியிருந்தது. இவளை விரட்டி வாசிக்க வைப்பதா, விட்டுவிடுவதா என்று எனக்கு ஒரே குழப்பம். விரட்டினால் புத்தகமே வெறுத்துப்போகுமோ, விட்டால் எதையும் முடிக்காத பழக்கம் வந்துவிடுமோ. இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றபோதுதான், போடிநாயக்கனூரில் நான் ஐம்பது புத்தகம் வாசிக்கப் புறப்பட்ட வருஷம் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது ஐந்தாம் வகுப்பு. என்னை யாரும் தூண்டவில்லை. புது வருஷத்தன்று அம்மா தினசரி காலண்டரை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, இந்த வருஷம் ஐம்பது புத்தகம் படிக்கப்போகிறேன் என்று நானாகவே அறிவித்தேன். ஏன் ஐம்பது என்று இன்றுவரை தெரியாது. அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"முடிக்கலேன்னா அடுத்த வருசம் பூரா உம் பேரு அம்பது. பள்ளிக்கூடத்துலயும் சொல்லிப்புடுவேன்."

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது இந்த மாதிரி விஷயங்களில் மட்டும்தான். அதனால் பயந்துபோனேன். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் புத்தகப் பெயர்களை நான் எழுதுவது, பக்கத்தில் கோடு போடுவது அண்ணன் என்று ஏற்பாடு.

முதல் நாலு மாதம் சுலபமாகப் போயிற்று. கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து நான் பெயரைப் பார்க்க மாட்டேன், தடிமனைப் பார்ப்பேன். என் சுண்டுவிரலைவிடத் தடித்த புத்தகத்தைத் தொட்டதே கிடையாது. ஏப்ரல் முடிவில் இருபத்துமூன்று கோடுகள்.

மே மாத லீவில் அம்மா, தான் வேலை செய்த ஏலக்காய் குடோனுக்கு என்னைக் கூட்டிப்போனாள். பதினோரு பெண்கள் சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மலையிலிருந்து வந்த காயைச் சொளகில், அதாவது முறத்தில் கொட்டி, வெடித்தது, வெளுத்தது, சொத்தை என்று பிரித்துப்போடுவார்கள். கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை. வாய்க்கு வேலை இல்லை, அதனால் பேச்சும் ஓயாது. மேஸ்திரிக்கு அதுதான் தலைவலி. நான் மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்து வாசிப்பதைப் பார்த்து, "சத்தமா வாசியேன்த்தா, நாங்களும் கேக்குறோம்" என்று ஒருத்தி சொன்னாள். வாசித்தேன். மேஸ்திரி திட்ட வந்தார். பதினோரு வாயும் மூடியிருந்ததையும், கைகள் முன்னைவிட வேகமாக ஓடியதையும் கண்டார். மறுநாள் தன் ஸ்டூலை எனக்கே கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருசநாட்டிலிருந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கதை கேட்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு நாள் என் ஒல்லிப் புத்தகங்களைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன புள்ள இது, சொளகக் காலி பண்றதுக்குள்ள கதை முடிஞ்சு போகுது. பெருசா ஒண்ணு கொண்டாயேன்."

எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அம்மா தன் பெயரில் நூலகத்தில் சேர்ந்தாள். எனக்குத் தெரிந்து அவள் தனக்காக எழுதிக்கொடுத்த முதல் விண்ணப்பம் அதுதான். பெரியவர்கள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. அட்டையும் முதல் தாளும் போய், சிவப்புத் துணியில் திரும்பக் கட்டிய புத்தகம். பெயர் இல்லாததால் பின்னால் காலண்டர் அட்டையில் அதை நான் 'தடிப் புத்தகம்' என்றே எழுதினேன். கணவன் கப்பலேறிப் போய்விட, ஒருத்தி தனியாக மகனை வளர்க்கிற கதை.

குடோனுக்கு அது சந்தோஷம், எனக்குத் துக்கம். எத்தனை மாதம் வாசித்தாலும் அதற்கு ஒரே ஒரு கோடு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் சனிக்கிழமைகளில் மட்டும்தான் குடோன் என்றாயிற்று. தவணை தள்ளிப் போட எடுத்துப்போகும்போதெல்லாம் நூலகர் புத்தகத்தை முகர்ந்து பார்த்து, "இது என்னம்மா, பாயசத்துல விழுந்துச்சா?" என்பார். காலண்டரில் தாள் கிழியக் கிழிய நான் மிச்ச நாளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பத்துத் தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.

நாலு வரிகூடப் போகவில்லை, அக்காவின் கை நின்றது.

"ஏ புள்ள, நில்லு. போன வாரம் அவ கெணத்தடியில கொடத்த வச்சிட்டு நின்னா. இன்னைக்கு எப்பிடி மதுரைக் கோர்ட்டுப் படியில நிக்கிறா? கொடத்த யாரு எடுத்தா?"

"அவதான் எடுத்தா."

"எப்ப எடுத்தா? நானும் இங்கனதான உக்காந்திருக்கேன், பாக்கலையே!"

குடோனே சிரித்தது. தராசுக்குப் பக்கத்திலிருந்து மேஸ்திரி, "நானும் பாக்கலையேம்மா" என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கித் தாள்களைத் திருப்பி, கிணற்றடி வந்ததும் என் கையில் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொல்லிச் சட்டமும் போட்டுவிட்டாள்: ஒரு பக்கம் விட்டாலும் அந்தப் புத்தகம் கணக்கில் வராது.

அவமானத்தில் நான் அடுத்த மூன்று சனிக்கிழமையும் குடோன் பக்கம் போகவில்லை. அந்த மூன்று வாரம்தான் வினையாகிப்போனது. செப்டம்பரில் அக்காவுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு, பிரசவத்துக்கு வருசநாட்டுக்கு அழைத்துப்போக வந்துவிட்டார்கள். கதையில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி.

"எனக்காக நிப்பாட்டி வைக்காதீக. நீங்க கேளுங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, என் தாடையைப் பிடித்து, "எனக்கு மிச்சத்த அப்புறமா வந்து வாசிச்சுக் காட்டணும், சரியா?" என்றாள். தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன வந்தது?

அக்டோபரில் குடோனில் கதை முடிந்தது. கடைசியில் அந்த மகன் காய்ச்சலில் செத்துப்போகிறான். அவள் தனியாகத் துறைமுகத்துக்கு நடக்கிறாள். காய் பொறுக்கிய விரல் கண்ணில் பட்டால் எரியும் என்று அம்மா முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. முப்பத்தியாறாவது கோடு வந்துவிட்ட நிம்மதிதான் வந்தது.

அதற்குப் பிறகு மறுபடியும் ஒல்லிப் புத்தகங்களாகத் தேடி ஓடினேன். டிசம்பர் கடைசி வாரம் நாற்பத்தொன்பது. ஐம்பதாவதற்கு ஒரு முயல் கதை, இருபத்துநாலு பக்கம், எடுத்துவைத்திருந்தேன். வருஷத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல நாளாக அதை அன்றைக்கென்று ஒதுக்கியிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போது அம்மா சொன்னாள்:

"நாளைக்கு வருசநாடு போறோம். அக்கா புள்ளையப் பாத்துட்டு வரணும். புத்தகத்த எடுத்து வையி."

"முயலா?"

"தடிப் புத்தகம். திரும்ப எடுத்தாந்துட்டேன். சொன்னேல்ல, வாசிச்சுக் காட்டுறேன்னு?"

அழுதேன், உருண்டேன். விடியுமுன் பஸ், திரும்பி வர இருட்டிவிடும். வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். பஸ்ஸில் வாசித்தால் எனக்குக் குமட்டும். அண்ணன் பாயில் படுத்தபடி, "தூங்கு அம்பது" என்றான்.

வருசநாட்டு வீட்டில் அக்கா சுவரில் சாய்ந்து, ஒரு மாதக் குழந்தையை மடியில் போட்டிருந்தாள். ஆண் குழந்தை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா ஆத்தா! கப்பல்லருந்து கடுதாசி வந்துச்சு, அவ பிரிக்கப் போனா. அங்கன விட்டோம்."

நான் அவ்விடத்தைத் தேடிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தேன். வேண்டாவெறுப்பாகத்தான். பத்துப் பதினைந்து பக்கம் போன பிறகுதான் முன்னால் என்ன வரப்போகிறது என்பது எனக்கு உறைத்தது. அக்டோபரில் என் வாயால் வாசித்ததுதான். ஆனால் அப்போது எதிரில் இந்த மடி இல்லை. குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. அக்காவின் உள்ளங்கை அதன் நெற்றியிலேயே கிடந்தது.

'மகனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது' என்ற வரிவரைக்கும் வாசித்தேன். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

அதற்குப் பிறகு 'அவள்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'அவளும் மகனும்' என்று வாசித்தேன். தனியாக நடந்தாள் என்பது கைபிடித்து நடந்தார்கள் என்றானது. சட்டம் போட்ட அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"அந்தப் பய காய்ச்சல்ல கெடந்தானே?" என்றாள் அக்கா.

"சரியாயிருச்சுக்கா."

குடோனில் கை நின்ற அன்று பார்த்த அதே பார்வை. எப்ப சரியாச்சு, நான் பாக்கலையே என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி அணைத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. வாசி."

முடித்து மூடினேன். அக்கா, "எத்தன ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டாள்.

"நாப்பத்தொம்பது."

"இதோட அம்பதா?"

"இல்லக்கா. இத அக்டோபர்லயே சேத்தாச்சு. ஒரே புத்தகத்த ரெண்டு தடவ சேக்கக் கூடாது."

"அது வேற கதை புள்ள. இது வேற கதை. சேத்துக்க" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் நடுவர் தோரணையில் கேட்டான், பக்கம் விடாமல் வாசித்தாளா என்று. "நான் பக்கத்துலதான உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் அம்மா. அண்ணன் ஐம்பதாவது கோட்டைப் போட்டான். அடுத்த வருஷமும் என்னை அம்பது என்றுதான் கூப்பிட்டான். ஆனால் கிண்டலாக இல்லை, பட்டம் மாதிரி.

அந்த நாற்பத்தொன்பதில் முக்கால்வாசிப் புத்தகம் இன்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது என்னைத் திருப்பி வாசிக்க வைத்த குடோனும், திருப்பி வாசிக்கச் சொல்லாத அந்த ஒரு மத்தியானமும்தான். இரண்டுக்கும் நான் கடன்பட்டவள். மகளின் தாளில் இப்போது ஆறு இலை பச்சை. அதில் ஒரே புத்தகத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். முதலில் அழிக்கச் சொல்ல நினைத்தேன். பிறகு, இரண்டாவது தடவை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அன்று வருசநாட்டிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. குடத்தை வைத்து என்னைப் பிடித்த அக்காவையே ஏமாற்றிவிட்டேனே. கூடவே கொஞ்சம் பரிதாபமும். குடோனில் கேட்ட புத்தகத்தையே வேறு கதை என்கிறாளே.

"அக்காவுக்கு ஞாபக மறதியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "புள்ள பெத்த ஒடம்புல்ல, மறதி இருக்கத்தான் செய்யும்" என்றாள்.

நான் நம்பினேன்.