ஜிபாருக்கு வந்த ஊசி

நாரின் மலைக்கிராமங்களுக்குக் குதிரையில் போய்த் தடுப்பூசி போட்டவள் என் தங்கை ஜிபார். ஒரு சொட்டு மருந்தைக்கூட வீணாக்கியதில்லை. கொரோனா ஊசி செவிலியருக்குத்தான் முதலில் என்றார்கள். அவளுக்கென்று வந்த ஒரே ஊசியை வட்டத் தலைவர் வீடு தேடி வந்து கேட்டார்.

“நாளைக்குச் சந்தையைத் திறந்து வைக்கணும், தங்கச்சி. பயமா இருக்கு.”

அவர் போனதும், “போட்டுட்டியாடி?” என்றேன்.

“வீடு தேடி வந்தவருக்குத்தானேக்கா முதல் கறித்துண்டு? ஆளு மலை மாதிரி, ஊசியப் பாத்ததும் கண்ண மூடிக்கிட்டாரு!” என்று சிரித்தாள். “எனக்கு அடுத்த பெட்டியில வரும்.”

சந்தை திறந்தது. காய்ச்சல் பரவியது. ஜிபார் இறந்துபோனாள். அவளுடைய நாற்பதாம் நாள் விருந்தன்றுதான் அடுத்த பெட்டி வந்தது. தலைவரும் வந்திருந்தார். முதல் கறித்துண்டை அவர் தட்டில்தான் வைத்தேன்.